தூரத்தைத் தீர்மானிப்பது யார்?

(செங்கல்பட்டில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் கூலியைப் பற்றியதல்ல. போனஸைப் பற்றியதும் அல்ல. நம்முடைய உடம்பைப் பற்றியது. அடிக்க வருகிறவன் முன்னால் இந்த உடம்பை எப்படி நிறுத்துவது, எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம்.

“இதில் படிக்க என்ன இருக்கிறது? வந்தால் நாலு போடு போட வேண்டியதுதானே!” என்று இளைஞர்கள் கேட்பார்கள். “நாம் வம்புக்கே போகிறதில்லை, நமக்கு எதற்கு இது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். நாம் தேடிப் போகாமலே வம்பு நம்மைத் தேடி வருகிறது. ஆலை வாசலில் நோட்டீஸ் கொடுக்கும்போது வருகிறது. களத்துமேட்டில் கூலி கேட்கும்போது வருகிறது. இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் தனியாகத் திரும்பும்போது வருகிறது. வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது.

அடிதடியில் ஜெயிக்கிறவன் பலசாலி என்று சினிமா சொல்கிறது. அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. முதல் அடி விழுவதற்கு முன்பே பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. எதனால்? தூரத்தினால். அவன் கை எட்டுகிற இடத்தில் நாம் நிற்கிறோமா, எட்டாத இடத்தில் நிற்கிறோமா? அந்தத் தூரத்தை வைத்தது அவனா, நாமா? இதுதான் கேள்வி.

குனிந்து நின்ற காலம்

தூரம் என்ற விஷயம் நமக்குப் புதிதல்ல, தோழர்களே. எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை நம் தாத்தாக்களுக்கு மிராசுதாரர் தீர்மானித்தார். எப்படி நிற்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். தோளில் இருக்கிற துண்டு இடுப்புக்கு வர வேண்டும். கை கட்ட வேண்டும். வாய் பொத்த வேண்டும். முதுகு வளைய வேண்டும். இப்படி நிற்கிற மனிதனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கட்டிய கை தடுக்காது. தரையைப் பார்க்கும் கண்ணுக்கு ஓங்குகிற கை தெரியாது. இதை மரியாதை என்று சொன்னார்கள். உண்மையில் அது அடி வாங்குவதற்கு வசதியாக வைத்த உடம்பு.

ஏன் நம்மவன் விலகிப் போகவில்லை? விலக இடம் இல்லை! 1891-ல் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். அவர்கள் குடியிருக்கிற மனைகூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததை அதில் எடுத்துக் காட்டினார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. காலடி மண்ணே அடுத்தவனுடையதாக இருக்கும்போது, ஒரு அடி பின்னால் வைப்பதும் அவன் நிலத்தில்தானே?

நம் உடம்பு எப்போது நிமிர்ந்தது? 1943-44-ல் தஞ்சை ஜில்லாவில் தோழர் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய விவசாயிகள் இயக்கத்தில் நிமிர்ந்தது. 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிக்கப்பட்டன. துண்டு தோளுக்குத் திரும்பியது. ஆகவே, எப்படி நிற்பது என்று படிப்பது வீண் வேலை அல்ல. நம் வர்க்கம் போராடி வாங்கிய பாடங்களில் அதுவும் ஒன்று.

நிமிர்ந்துவிட்டோம். நல்லது. நிமிர்ந்த உடம்பைப் புத்தியோடு நிறுத்துவது எப்படி? இந்தப் பாடத்துக்கு வாத்தியார்கள் நம் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள்.

பாம்பு பிடிக்கிறவரைப் பாருங்கள்

மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி இருக்கிறது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் ஏற்பட்டது. பாம்புத் தோல் வியாபாரம் தடுக்கப்பட்டுப் பிழைப்பு இழந்த மக்கள், தங்கள் வித்தையை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு ஜாதிப் பாம்புகளிலிருந்தும் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து அந்த விஷத்தைக் கொண்டுதான் தயாராகிறது. வரப்பில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்கள் நம்மில் இருப்பார்கள். அவர்கள் உயிருக்குப் பின்னால் இருளர்களின் உழைப்பு இருக்கிறது. இந்த ஜில்லாவைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கே மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023-ல் அவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் வேலை செய்வதைக் கவனித்துப் பாருங்கள். நாகப்பாம்பு படம் எடுக்கும்போது தன் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கும். தூக்கிய பாகம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எட்டு. மூன்று முழப் பாம்பு என்றால் ஒரு முழம். பழகியவர் கண்ணால் அதை அளந்துவிடுகிறார். அந்த அளவுக்கு வெளியே நிற்கிறார். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், வால் பக்கமாக நிற்கிறார். திடீரென்று அசைவதில்லை. ஒரு காலை மெதுவாக எடுத்து வைத்த பிறகுதான் மறு காலை எடுக்கிறார். கையில் உள்ள குச்சி அடிப்பதற்கு அல்ல, இடைவெளியைக் காப்பதற்கு. அவர் பாம்பின் மேல் கோபப்படுவதில்லை. அதை அவமானப்படுத்த நினைப்பதும் இல்லை. அதுவும் அவரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

நம் பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது, தோழர்களே. எதிரியின் எட்டை அள, எட்டுக்கு வெளியே நில், நேர் எதிரே நிற்காதே, பதறாதே.

கம்பு சுற்றுகிறவன் காலைப் பார்!

அடுத்த வாத்தியார் சிலம்பம். திருவிழாவில் கம்பு சுற்றுவதைப் பார்த்திருக்கிறோம். ஜனங்கள் கம்பைப் பார்க்கிறார்கள்; விஷயம் தெரிந்தவர்கள் காலைப் பார்க்கிறார்கள். வாத்தியார் முதலில் கற்றுக்கொடுப்பது காலடி வரிசையைத்தான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று என்று தரையில் கட்டம் போட்டதுபோல் கால்கள் போகும். நெற்றி உயரக் கம்பு பிறகு வரும்.

ஏன் இப்படி? கம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதன் எட்டு மாறுவதில்லை. உடம்பை அந்த எட்டுக்கு உள்ளே கொண்டுபோவதும் வெளியே கொண்டுவருவதும் கால் செய்கிற வேலை. எதிரியின் கம்பு வயிற்றுக்கு நாலு விரற்கடை முன்னால் போகும்படி விலகுகிறவன் நல்ல ஆட்டக்காரன். நாலு அடி எகிறிக் குதிக்கிறவன் பதறிப்போனவன். அவனால் அடுத்த அடியைச் சமாளிக்க முடியாது. வட சென்னையில் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் வளர்த்த சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைக் குத்துச்சண்டையிலும் இதே கதைதான். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினார். உலகமே வியந்த அவரது வித்தை என்ன? எதிரியின் முஷ்டி முகத்துக்குச் சற்று முன்னால் நின்றுபோகும்படி தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகர மாட்டார்.

இன்று சிலம்பத்துக்கு மதிப்பு வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். பதக்கம் வாங்குகிற பிள்ளைகள் வாங்கட்டும். நமக்கு வேண்டியது அதில் உள்ள காலடிப் பாடம்.

பாறையில் உள்ள பாடம்

மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு முன், பல்லவர் காலத்தில் குடைந்தது. பக்திக்காக அதைப் பார்க்கச் சொல்லவில்லை. அந்தப் பாறையை உளி பிடித்துச் செதுக்கிய உழைப்பாளியின் கண்ணுக்காகப் பார்க்கச் சொல்கிறோம்.

நாம் பார்க்கும்போது இடது பக்கத்தில் சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைத்துக்கொண்டு துர்க்கை வருகிறாள். வலது பக்கத்தில் எருமைத் தலையோடு மகிஷன். இரண்டு கையாலும் கதையைப் பிடித்திருக்கிறான். உடம்பு பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒருவர் மேல் ஒருவர் கை படவில்லை. இதே ஊரில் திரிமூர்த்தி மண்டபத்தில் எருமைத் தலையின் மேல் நிற்கிற துர்க்கையைப் பார்க்கலாம். அங்கே சண்டை முடிந்துவிட்டது. இங்கே முடியவில்லை. மகிஷன் தோற்று ஓடுகிறானா, பாயப் போகிறானா? பார்க்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் தீருவதில்லை.

அந்தக் கல்தச்சருக்கு என்ன தெரிந்திருக்கிறது? சண்டையை உடம்பின் சாய்வில் படிக்கத் தெரிந்திருக்கிறது. யார் முன்னே சாய்கிறார், யார் பாரத்தைப் பின்காலில் வைத்திருக்கிறார், யாருடைய ஆயுதம் எட்டும், யாருடையது எட்டாது என்று பார்த்துச் செதுக்கியிருக்கிறார். அம்பு எட்டும், கதை எட்டாது. அந்தப் பாறையில் அப்போதைக்கு மேல்கை யாருக்கு என்பதை இடைவெளியே சொல்லிவிடுகிறது.

பின்காலில் பாரம் வைத்தவனைத் தோற்றவன் என்று எண்ணிவிடக் கூடாது என்பது இதிலுள்ள இன்னொரு பாடம். சண்டைக் கடா பின்னால் போவது மோதுவதற்காகத்தான் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கிறார். எதிரி இரண்டு அடி பின்வாங்கினால் உடனே மார்தட்டிக்கொண்டு முன்னே போகாதீர்கள். அவன் கொடுத்த இடைவெளியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பழக வேண்டியவை

இனி நேரடியாக விஷயத்துக்கு வருவோம்.

முதலாவது, அளவு. எதிரே இருக்கிறவன் கையை நீட்டி ஒரு அடி எடுத்து வைத்தாலும் நம்மைத் தொட முடியாத தூரம்தான் பேச்சுத் தூரம். கையில் தடி இருந்தால் தடியின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ளே வந்துவிட்டால் அது அடி தூரம். இன்னும் உள்ளே வந்தால் பிடி தூரம். கோபக்காரன் கத்திக்கொண்டே பேச்சுத் தூரத்திலிருந்து அடி தூரத்துக்கு வருவான். அவன் வாயைக் கவனித்துக்கொண்டு நாம் காலை மறந்துவிடுகிறோம். வாய் என்ன சொன்னாலும் சொல்லட்டும்; கால் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, நிலை. இரண்டு காலையும் சேர்த்து நிற்காதீர்கள், தள்ளினால் விழுவீர்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, நடுவில் தோள் அகலம் இருக்கட்டும். முழங்கால் விறைப்பாக இருக்க வேண்டாம். மார்பை அகலமாகக் காட்டாமல் சற்றே பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். பார்க்கிறவனுக்கு நீங்கள் சும்மா நின்று பேசுவதுபோல்தான் தெரிய வேண்டும். வீர வேஷம் வேண்டாம். முஷ்டியை மடக்கித் தோளைத் தூக்கினால் சண்டைக்கு அழைப்பு அனுப்பியதாக ஆகிவிடும்.

மூன்றாவது, நகர்வு. எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போக வேண்டும். கால் மேல் கால் பின்னக் கூடாது. பாதத்தை உயரத் தூக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். நேராகப் பின்னால் ஒரு அடி போகலாம். இரண்டாவது அடி பக்கவாட்டில் இருக்கட்டும். ஏனென்றால், முன்னால் ஓடி வருவது எவனுக்கும் சுலபம். பக்கவாட்டில் போனவனைப் பிடிக்க அவன் நின்று திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலில் நமக்கு நேரம் கிடைக்கிறது. அவன் அடிக்கிற கை வலது கை என்றால் அந்தக் கைக்கு வெளிப்பக்கமாக விலகுங்கள். உள்பக்கம் போனால் அவனுடைய மறு கை காத்திருக்கும்.

நாலாவது, கை. விரித்த உள்ளங்கைகள் மார்புக்கு முன்னால் இருக்கட்டும். “வேண்டாம் அண்ணே, பேசிக்கலாம்” என்று சொல்லும்போது நம் கை தானாக எப்படி எழும்புகிறதோ அப்படி. அது பார்க்கச் சமாதானக் கை. ஆனால் முகத்துக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற கையும் அதுதான்.

ஐந்தாவது, கண். ஓங்கும் கையைப் பார்த்துப் பயனில்லை; பார்த்து நம் உடம்பு அசைவதற்குக் கால் வினாடி ஆகிவிடும். தோளையும் மார்பையும் பாருங்கள். கை புறப்படுவதற்கு முன் தோள் அசையும். இரண்டு பேர் வந்தால் ஒருவன் பேசுவான். மற்றவன் மெல்ல முதுகுப் பக்கம் போவான். இருவருக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஒருவனுக்குப் பின்னால் மற்றவன் மறைகிற மாதிரி, வரிசையாக வரும்படி சுற்றி நகருங்கள். அப்போது ஒரு நேரத்தில் ஒருவன்தான் நம்மை எட்ட முடியும்.

ஆறாவது, தரை. நம் தரை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணல். அங்கே எகிறிக் குதித்தால் கால் புதையும், பாதத்தைத் தட்டையாக வைத்து நகர வேண்டும். வரப்பில் பக்கவாட்டில் இடம் இல்லை. அங்கே பேச்சையே வைத்துக்கொள்ளாதீர்கள், களத்துக்கோ ரோட்டுக்கோ வந்து பேசுங்கள். ஆலைத் தளத்தில் எண்ணெய் கொட்டியிருக்கும். சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்பது பத்திரம் என்று நினைக்க வேண்டாம். விலக வழி அடைபட்டுப் போகும். வழி எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே பார்த்து வையுங்கள். நடுவில் வைக்க ஏதாவது கிடைக்கிறதா என்றும் பாருங்கள். சைக்கிளுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவன். டீக்கடை பெஞ்சு, வண்டிச் சக்கரம், கரையேற்றிய படகு எல்லாமே நமக்கு மூன்று அடி தூரம் சம்பாதித்துக் கொடுக்கும்.

இன்னொன்று. துண்டு தோளில் கம்பீரமாக இருக்கட்டும். ஆனால் கழுத்தில் சுற்றிக் கட்டாதீர்கள். நாமே அவன் பிடிக்கக் கயிறு கொடுத்ததாக ஆகும்.

வாசலில் நிற்கிறவன் எதை எதிர்பார்க்கிறான்?

ஆலை வாசலில் மூக்கோடு மூக்கு உரச வந்து நிற்கிற அடியாளுக்கு என்ன வேண்டும்? பல சமயங்களில் நம்மை அடிப்பதுகூட அவன் நோக்கம் இல்லை. நாம் அவனை ஒரு தள்ளுத் தள்ள வேண்டும், அதுதான் வேண்டும்! தள்ளினால் போலீஸில் புகார். போலீஸில் புகார் என்றால் ஆலைக்குள் ஒழுங்கு நடவடிக்கை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் சங்கத்தில் முன்னணியில் நிற்கிறவன் வேலை காலி. ஒரு தள்ளுக்கு இவ்வளவு விலை. ஆகவே தூரம் என்பது எலும்பை மட்டும் காப்பதில்லை, வேலையையும் காக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தன் உடம்பையும் பிறர் உடம்பையும் காத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் 37-வது பிரிவு எல்லை போடுகிறது. காத்துக்கொள்வதற்குத் தேவையான அளவுக்கு மேல் சேதம் செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. 130-வது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கப் போகிறான் என்று எதிராளி அஞ்சும்படி சைகை காட்டினாலே அது தாக்குதல் ஆகும். வெறும் வார்த்தை மட்டும் ஆகாது. ஆகவே ஓங்கிய முஷ்டி நமக்கே விரோதமான சாட்சி. விரித்த கையும், பின்னால் வைத்த ஒரு அடியும் நமக்குச் சாதகமான சாட்சி.

அந்த ஒரு அடியை வைக்கும்போது வாயும் பேச வேண்டும். நாலு பேர் காதில் விழும்படி, “அண்ணே, அங்கேயே நின்னு பேசுங்க, எங்களுக்குக் காது நல்லா கேக்குது” என்று சொல்லுங்கள். அவன் மேலும் நெருங்கினால் நெருங்கியது யார் என்பதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்தில் யார் கையிலாவது செல்போனும் இருக்கும்.

பெண் தோழர்களுக்கு

இந்தப் பாடம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகத் தெரியும். கம்பெனி வேனில், நெருக்கடியான பஸ்ஸில், நடவு வயலில், சூளையில், தினம் தினம் அவர்கள் தூரத்தைக் காத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் வந்து தேவைக்கு மேல் நெருங்கி நிற்கிற மேஸ்திரிக்கு முகம் கொடுக்காமல் தோளைத் திருப்புவது, கூடையை இடுப்பின் அந்தப் பக்கம் மாற்றுவது, சாமான் எடுக்கிற சாக்கில் நடைபாதைப் பக்கம் வருவது எல்லாம் அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்த காலடி வரிசை. இதற்கு மேல் ஒன்றுதான் சேர்க்க வேண்டும்: குரல். மௌனமாக விலகினால் அவன் மறுநாளும் வருவான். விலகிக்கொண்டே, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று பக்கத்து இயந்திரத்துக்குக் கேட்கும்படி சொன்னால் அவனுக்கு வெட்கம் வரும். நமக்குச் சாட்சி வரும்.

ஆனால் விலகிப் போகிற பொறுப்பைப் பெண் தலையில் மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்துக்கு ஜில்லா அளவில் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு எழுதி வைப்பது சங்கத்தின் வேலை.

எல்லை தெரிந்திருக்க வேண்டும்

இந்த வித்தை எல்லாவற்றுக்கும் பதில் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் உங்களை ஏமாற்றுகிறான். கத்தி வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் சால்ட் லேக் நகரப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் என்பவர் 1983-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். கத்தி பிடித்தவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுகிறான் என்று சோதித்துச் சொன்னார். 21 அடி என்பது நாலு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கத்தியைக் கண்டால் காலடி வரிசையை நினைக்க வேண்டாம். நடுவில் ஏதாவது பொருளை விட்டுவிட்டு, கூவிக்கொண்டு ஓடுங்கள். பணத்தைக் கேட்டால் எறிந்துவிட்டு ஓடுங்கள். ஓடுவது கோழைத்தனம் என்று சொல்கிறவன் உங்கள் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டான்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் உயிர் பிழைக்க ஒதுங்கிய 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அங்கே எந்தக் காலடி வரிசை காப்பாற்றியிருக்கும்? கூலி கேட்ட குற்றத்துக்காக ஒரு தெருவையே சூழ்ந்துகொள்கிற கூட்டத்தைத் தனி மனிதனின் சாமர்த்தியம் தடுக்காது. அதைத் தடுப்பது ஊர் ஊராக நிற்கிற ஒற்றுமையும், எச்சரிக்கையும், முன்கூட்டியே கொடுக்கிற புகாரும், பக்கத்து ஊரிலிருந்து ஓடி வருகிற ஜனங்களும்தான். தனி ஆளின் காலடி ஒரு நிமிஷத்தை வாங்கித் தரும். அந்த நிமிஷத்தில் ஓடி வர நமக்கு ஆள் வேண்டும். அதனால்தான் ராத்திரி ஷிப்டு முடிந்து தனியாகப் போகாதே, மூன்று சைக்கிளாகப் போ என்று சங்கம் சொல்கிறது.

துண்டை எடுங்கள்

கேட்டால் மட்டும் போதாது. பழகினால்தான் உடம்புக்கு ஏறும். செலவு இல்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒரு துண்டின் இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னும் பின்னும், வலமும் இடமுமாக இஷ்டப்படி நகரட்டும். மற்றவர் கூடவே நகர வேண்டும். துண்டு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. தொய்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். இழுபட்டால் பயந்து அதிகமாக விலகிவிட்டீர்கள். தினம் கால் மணி நேரம் ஒரு மாதம் செய்து பாருங்கள். பிறகு துண்டு இல்லாமலே காலுக்கு அளவு தெரியும். பெண்கள் முந்தானை வேண்டாம். நாலு முழக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இது விளையாட்டு.

ஒரு காலத்தில் இந்தத் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லி நமக்கும் நமக்கு மேலே இருந்தவனுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவன் அளந்தான். இன்று அதே துண்டை வைத்து நாம் அளக்கப் பழகுவோம். யாரையும் அடிக்க அல்ல; நம்மை அடிக்க யாருக்கும் கை எட்டக் கூடாது என்பதற்காக.

சரி, பேச்சு போதும். எழுந்திருங்கள். பெஞ்சுகளை ஓரமாகப் போடுங்கள். ஜோடி சேருங்கள்.